மைனரும் ஒரு முழ வயரும்

ஒன்பது வருசமாக மொறிஸ் மைனர் என்ற பழைய இங்கிலாந்துக் கார் ஓட்டுகிறேன். 1098 சிசி எஞ்சின். போர்க்காலப் பெற்றோல் தடையில், துளி பெற்றோலில் ஸ்ரார்ட் எடுத்து மண்ணெண்ணெயில் ஓடிய இனம். அந்தப் பழக்கமோ என்னவோ, யாழ்ப்பாணத்தில் பழைய கார் நின்றால் எல்லாரும் முதலில் பெற்றோலைக் காற்றோடு கலக்கும் கார்பரேற்றரைத்தான் கழற்றுவார்கள். என்னை நடுவழியில் விட்டது பெரும்பாலும் அந்தக் கலவையைக் கொளுத்தும் ஸ்பார்க்தான் (பொறி).

முதல் தடவை அவசரப்பட்டு, பொறிக்கு வேண்டிய உயர் வோல்ட்டைத் தரும் கொயில், அதற்குத் துணையான கொண்டென்சர் இரண்டையும் மாற்றினேன். காசு போனதுதான் மிச்சம். கடைசியில் வீட்டுக்கு வந்த வயதான மெக்கானிக் சொன்னார்: "தம்பி, கொயிலிலை கை வையாதையும். முதல் பல்ப்பைப் பிடிச்சுப் பாரும்."

போன மாரியில் ஊர்காவற்றுறைக்குப் போகும் வழியில், பண்ணைப் பாலத்தில் கார் பட்டென்று நின்றது. பிளக்குகளுக்குப் பொறியைப் பிரித்தனுப்பும் டிஸ்ரிபியூட்டரின் மூடியில் இருந்த நடு வயரை இழுத்து, எஞ்சின் இரும்புக்குக் கால் அங்குலம் தள்ளிப் பிடித்து எஞ்சினைச் சுற்றினால் பொறியே இல்லை. அப்போ பிளக்கில் பிழையில்லை. 12 வோல்ட் பல்ப்பின் ஒரு வயரைக் கொயிலிலிருந்து டிஸ்ரிபியூட்டருக்குப் போகும் முனையிலும் மற்றதை காரின் இரும்பு உடம்பிலும் (எர்த்) வைத்தேன். ஹாண்டில் போட்டு எஞ்சினைச் சுற்றும்போது பொயின்ற் (டிஸ்ரிபியூட்டருக்குள் திறந்து மூடும் சின்ன சுவிட்ச்) திறந்தால் பல்ப் எரியவேண்டும், மூடினால் அணையவேண்டும். என்னுடையது அணையவே இல்லை. அதாவது கொயில் வரை கரண்ட் வருகிறது, பொயின்ற் வழியாக எர்த்துக்குப் போகவில்லை. (எப்போதும் எரியாமலே இருந்தால் கதை வேறு: கரண்ட் வரவில்லை, அல்லது எங்கோ எர்த்தாகிறது.)

பொயின்ற்றை அரத்தாளால் தேய்த்தேன், மாற்றமில்லை. பிறகு டிஸ்ரிபியூட்டருக்குள்ளே பொயின்ற்றுக்குப் போகும் சின்ன வயரை மெல்ல இழுத்தேன். ரப்பர் போல நீண்டது! மேலுறை அப்படியே இருக்க, உள்ளே செம்பு அறுந்திருந்தது. எஞ்சினின் வக்யூம் (உறிஞ்சல்) இழுக்கும்போதெல்லாம் பொயின்ற் தட்டு அசையும், வயரும் கூடவே மடங்கும். அந்த இடத்தில் வீட்டு வயரிங்கில் மிஞ்சிய ஒற்றைக்கம்பி வயரைப் போட்டவன் நான்தான். பலஇழை வயர்தான் அங்கே தாங்கும்.

வண்டியில் கிடந்த ஸ்பீக்கர் வயரில் ஒரு துண்டு வெட்டிப் போட்டு, பொயின்ற் இடைவெளியை 15 தவ்வுக்கு (ஒரு தவ் என்றால் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு) வைத்தேன். முதல் சுற்றிலேயே பிடித்தது. கடற்காற்றில் கை குளிர்ந்திருந்தது, பல்ப் பொக்கற்றில் இருந்தது.

பொயின்ற்றுக்குப் பதிலாக ஒரு எலக்ட்ரோனிக் பெட்டி வேலை செய்யும் எலக்ட்ரோனிக் இக்னிசன் போடச் சொல்லி நண்பர்கள் நச்சரிக்கிறார்கள். பொயின்ற்றை அடிக்கடி பார்க்கவேண்டியது தொல்லைதான், மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பெட்டி செத்தால் பண்ணையில் பல்ப்பை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?