தாடை வலிக்கு 48,000 ரூபாய் பறிகொடுத்தேன்: திருகோணமலை உறவுகளே, கவனம்

நேற்று மாலையும் அந்தப் பல் சிகிச்சை நிலையத்துக்குப் போய், கொடுத்த காசைத் திருப்பிக் கேட்டு வெறுங்கையோடுதான் திரும்பினேன். கை இன்னும் நடுங்குகிறது, ஆனாலும் எழுதுகிறேன். 48,000 ரூபாய். என் சீட்டுக் காசு முழுவதும்.

இரண்டு மாதமாக வலது காதுக்கு முன்னால் வலி. கொட்டாவி விட்டால் 'டக்' என்று சத்தம். காலையில் பாண் துண்டைக்கூட மெல்ல முடியாது. நகருக்குள் இருக்கும் ஒரு தனியார் பல் சிகிச்சை நிலையத்துக்குப் போனேன். அங்கிருந்தவர் காதுக்கு முன்னால் இரண்டு விரலை வைத்து, "வாயைத் திறவுங்கள் அக்கா" என்றார். சத்தம் வரும் அதே இடத்தில் விரல் நின்றது. "இது தாடை மூட்டு. இரவில் பல்லைக் கடிக்கிறீர்கள்." காது வலி என்று நினைத்து எத்தனை நாள் சொட்டு மருந்து விட்டேன்! கண்டுபிடித்துவிட்டாரே என்று கண் கலங்கிவிட்டது. கலங்கிய கண்ணோடுதான் காசை எண்ணிக் கொடுத்தேன். இரவில் போடும் பல் கவசம், மேல் பல்லும் கீழ்ப் பல்லும் சரியாகப் பொருந்தப் பல்லை ராவுதல், எல்லாம் சேர்த்து 48,000. முழுவதும் முற்பணம்.

கவசத்துக்குப் பல் அச்சே எடுக்கவில்லை. மெல்லிய பிளாஸ்டிக் ஒன்றை வெந்நீரில் தோய்த்துக் கடிக்கச் சொன்னார்கள். இரண்டு கடைவாய்ப் பற்களை ராவினார்கள். ஒரு வாரத்தில் வலி கூடியது. ராவிய பற்களில் தண்ணீர் பட்டாலே கூசுகிறது.

தொலைபேசியில் கேட்டால் "பாவிக்கப் பாவிக்கப் பழகிவிடும்." நேரில் போனால் "டொக்டர் கொழும்புக்குப் போய்விட்டார்." அடுத்த கிழமை, அதற்கடுத்த கிழமை. நேற்று அங்கே முன்னால் இருந்த பெண் பிள்ளை முகத்தையே நிமிர்த்தவில்லை: "பாவித்த பொருளுக்குக் காசு திருப்பித் தருவதில்லை." பற்றுச்சீட்டில் 'சிகிச்சை' என்ற ஒரு சொல்தான் இருக்கிறது.

இடையில் அரச வைத்தியசாலைப் பல் பிரிவுக்கும் போயிருந்தேன். ஒரு சதமும் கேட்கவில்லை. மென்மையான உணவு, இளஞ்சூட்டு ஒத்தடம், வாயை அகலத் திறக்காமல் இருப்பது, சில நாளுக்கு வலி மாத்திரை. பெரும்பாலானவர்களுக்கு இவ்வளவிலேயே தணிந்துவிடுமாம். பல்லை ராவியிருக்கவே தேவையில்லை என்றார்கள். ராவிய பல் இனி வளருமா?

விரிவாக எழுத நினைத்தேன், முடியவில்லை. முதலில் அரச வைத்தியசாலைக்குப் போங்கள். தாடை மூட்டு வலிக்குப் பல்லை ராவவோ பிடுங்கவோ சொன்னால் இன்னொரு வைத்தியரிடம் கேட்காமல் சம்மதிக்காதீர்கள். அச்சு எடுக்காத கவசத்துக்குக் காசு கொடுக்காதீர்கள். தாடை வலியோடு நெஞ்சு அடைத்து வியர்த்தால் அது இதயமாக இருக்கலாம். உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்கு ஓடுங்கள்.