மூன்று வருடம் கூப்பன் சேர்த்துப் பார்த்தேன்: மளிகைச் செலவில் எது குறைந்தது

எங்கள் குளியலறை மேல்தட்டில் துணிக் கண்டிஷனர் பாட்டில் ஒன்று மூன்று வருடமாக இருக்கிறது. அதற்கு முன் எங்கள் வீட்டில் யாரும் துணிக்குக் கண்டிஷனர் போட்டதே இல்லை. நல்ல தள்ளுபடிக் கூப்பன் ஒன்று கையில் இருந்தது, கடையில் அதற்கே இரண்டு வாங்கினால் ஒன்று இலவசம் என்றும் போட்டிருந்தார்கள். மூன்றாக வாங்கி வந்தேன். இரண்டைத் தெரிந்தவர்களுக்குக் கொடுத்தாயிற்று, மூன்றாவது அப்படியே இருக்கிறது. அன்றைக்கு பில்லின் அடியில் ‘நீங்கள் சேமித்தது’ என்று அச்சாகியிருந்த தொகையை வீட்டில் எல்லோருக்கும் காட்டினேன்.

நாங்கள் ஐந்து பேர். மாதச் சாமான் வாங்குவது என் பொறுப்பு. செலவு கைமீறிப் போகிறது என்று தெரிந்ததும் கூப்பன், கடை ஆஃபர், கேஷ்பேக், பாயின்ட் கார்டு என்று எல்லாவற்றிலும் இறங்கினேன். மூன்று வருடமாக விடாமல் செய்துவருகிறேன். முதல் மூன்று மாதப் பில்களைக் கூட்டிப் பார்த்தபோது, கூப்பன் இல்லாமல் வாங்கிய மாதங்களைவிட அதிகமாகச் செலவாகியிருந்தது. உட்கார்ந்து ஒவ்வொரு பில்லாகப் பிரித்துப் பார்த்தேன். கூப்பன் போட்டு வாங்கியதில் பாதிக்கு மேல் எங்கள் பட்டியலிலேயே இல்லாத பொருள்கள்.

இது தற்செயல் இல்லை. கூப்பனின் பிறப்பே அப்படி. கோகோ கோலா 1887-ல் மக்களுக்குச் சீட்டு கொடுத்தது. அதைக் கொண்டுபோனால் ஒரு கிளாஸ் இலவசம். அப்போது அந்தப் பானம் சந்தைக்கு வந்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. பெயரே தெரியாத ஒன்றை ஒருமுறை குடிக்க வைக்க வேண்டும், அதற்குத்தான் சீட்டு. இன்றைக்கும் கம்பெனி கூப்பன் பெரும்பாலும் வருவது எதற்கு என்று கவனியுங்கள்: புதிதாக வந்த மணம், புதிய பாக்கிங், அதே பிராண்டின் விலை கூடிய வகை. நாம் தினமும் வாங்கும் சாதாரணப் பொருளுக்குக் கூப்பன் வருவது அபூர்வம். அதற்குக் கூப்பன் கொடுக்க வேண்டிய அவசியம் அவர்களுக்கு இல்லை, நாம்தான் எப்படியும் வாங்குகிறோமே.

நான்காவது மாதம் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கினேன். என் மூன்று வருட அனுபவத்தில் எனக்கு அதிகம் மிச்சம் பிடித்துக் கொடுத்தது அந்த நோட்டுதான், எந்த ஆப்பும் இல்லை.

வீட்டில் மாதந்தோறும் தவறாமல் தீரும் 24 பொருள்களை மட்டும் எழுதினேன். பொருளுக்கு ஒரு பக்கம். பக்கத்தில் ஐந்து கோடு: தேதி, கடை, நிகர எடை, விலை, 100 கிராமுக்கு எவ்வளவு. திரவமாக இருந்தால் 100 மில்லிக்கு. கடைசிக் கோடுதான் உயிர். பாக்கெட்டின் விலையை மட்டும் பார்த்தால் எதையும் எதோடும் ஒப்பிட முடியாது. ஒன்று 450 கிராம், இன்னொன்று 500, மூன்றாவது 475. வேண்டுமென்றே அப்படி வைத்திருக்கிறார்களோ என்று தோன்றும். 100 கிராமுக்கு வகுத்துவிட்டால் எல்லாம் ஒரே வரிசையில் வந்து நின்றுவிடும். பல கடைகளில் அலமாரி ஓரத்து விலைச் சீட்டில் சின்ன எழுத்தில் இந்தக் கணக்கு அச்சாகியே இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 1998-லேயே இதற்கு விதி போட்டுவிட்டார்கள். இத்தனை வருடமாக அந்தச் சின்ன எழுத்தை ஒருநாளும் படித்ததில்லை என்பதுதான் எனக்கு வருத்தம்.

எழுத எழுத ஒவ்வொன்றாகத் தெரிய வந்தது. பெரிய பாக்கெட் என்றால் மலிவு என்று நம்பியிருந்தேன். சலவைத்தூளில் 4 கிலோ பையைவிட, ஆஃபர் வாரத்தில் 1 கிலோ பாக்கெட் நான்கு வாங்குவது மலிவாக இருந்தது. நான் பிடிவாதமாக வாங்கிவந்த குளியல் சோப்பு ஒருநாள் அதே விலை, அதே உறை, ஆனால் 125 கிராமிலிருந்து 100 கிராம் ஆகியிருந்தது. கையில் எடுத்தால் வித்தியாசமே தெரியாது. நோட்டில் எழுதும்போதுதான் பேனா நின்றது. விலை ஏறவில்லை என்று நாம் நினைத்துக்கொண்டிருக்க, கிராம் கணக்கில் 25% ஏறிவிட்டது. பிரான்ஸில் 2024 ஜூலை முதல், இப்படி எடை குறைந்த பொருளுக்குப் பக்கத்தில் பெரிய கடைகள் இரண்டு மாதத்துக்கு அறிவிப்பு வைத்தாக வேண்டும். எல்லா ஊரிலும் அந்தச் சட்டம் வேண்டும் என்பது என் ஆசை. அதுவரை நோட்டுதான் அறிவிப்பு.

இரண்டு மூன்று மாதம் எழுதியபின் இன்னொன்று தெரிந்தது. ஆஃபர்கள் முறை வைத்து வருகின்றன. எங்கள் சலவைத்தூளுக்குக் குறிப்பிட்ட கடையில் நல்ல தள்ளுபடி ஆறு வாரம், ஏழு வாரம், மறுபடி ஆறு, பிறகு எட்டு வாரம் என்ற இடைவெளியில் வந்தது. எங்களுக்கு இரண்டு வாரத்துக்கு ஒரு கிலோ செலவாகும். அப்படியானால் ஆஃபர் வரும்போது 4 கிலோ வாங்கினால் அடுத்த ஆஃபர் வரை தாங்கும், அதற்கு மேல் ஒரு பாக்கெட்டும் வேண்டாம். இந்தக் கணக்கு கைக்கு வந்த நாளில் கூப்பனைப் பற்றிய படபடப்பே போய்விட்டது. ‘இன்று மட்டும்’ என்று போனில் செய்தி வந்தால் முன்பு பதறுவேன். இப்போது நோட்டைத் திறந்து அந்தப் பக்கத்தைப் பார்ப்பேன். போன முறை இதைவிடக் குறைவாக வாங்கியிருக்கிறேன் என்று அதில் இருக்கும், போனைக் கீழே வைத்துவிடுவேன்.

ஆஃபர் வாசகங்களையும் சதவீதமாக்கிப் பார்க்கப் பழகிக்கொள்ளுங்கள். இரண்டு வாங்கினால் ஒன்று இலவசம் என்பது 33% தள்ளுபடி. இரண்டாவது பாதி விலை என்பது காதுக்கு அதற்குச் சமம் போலக் கேட்கும், ஆனால் வெறும் 25%. 50% கூடுதல் என்று பாக்கெட்டில் பெரிதாகப் போட்டிருந்தால் அதுவும் 33 தான், 50 இல்லை. 50% தள்ளுபடியோடு மேலும் 20% என்றால் கூட்டினால் 70 வராது: 100 முதலில் 50 ஆகும், அந்த 50-ல் 20% போய் 40, ஆக 60% தள்ளுபடி. சதவீதக் கூப்பனும் நேரடித் தொகைக் கூப்பனும் சேர்த்துப் போட அனுமதித்தால் சதவீதம் முதலில் விழுவது நமக்கு நல்லது. 1000-க்கு 20% போய் 800, அதில் 100 போனால் 700. மாற்றிப் போட்டால் 720. சதவீதக் கூப்பனின் அடியில் ‘அதிகபட்சம் இவ்வளவு’ என்று ஒரு வரி இருக்கும், அதையும் பார்த்துவிடுங்கள்.

எனக்கு அதிக நஷ்டம் வைத்தது குறைந்தபட்ச பில் தொகை. இவ்வளவுக்கு வாங்கினால் இவ்வளவு தள்ளுபடி என்பார்கள், நம் கூடையில் கொஞ்சம் குறையும். அந்தக் குறையை நிரப்ப எடுத்துப் போடுவது எப்போதும் நொறுக்குத்தீனிதான். தள்ளுபடி 100, நிரப்பியது 180 என்று எத்தனையோ பில் என்னிடம் இருக்கிறது. இப்போது குறை விழுந்தால், அடுத்த மாதம் நிச்சயம் தேவைப்படும் உப்பு, பாத்திரம் தேய்க்கும் சோப்பு மாதிரி கெடாத பொருள் ஏதாவது பொருந்துமா என்று மட்டும் பார்ப்பேன். பொருந்தாவிட்டால் கூப்பன் போகட்டும்.

கவுன்ட்டரில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். பல் பேஸ்ட்டுக்கு நல்ல கூப்பன் வைத்திருந்தேன். வரிசையில் எனக்குப் பின்னால் ஐந்தாறு பேர். பில் போடும் பெண் மூன்று முறை ஸ்கேன் செய்தும் மெஷின் ஏற்கவில்லை.

“அக்கா, இது 150 கிராமுக்குத்தான் செல்லும். நீங்க எடுத்தது 140.”

பெட்டியைத் திருப்பிப் பார்த்தேன், 140 தான். ஓடிப்போய் மாற்றி வரலாம், பின்னால் நிற்பவர்கள் முகத்தைப் பார்த்தால் மனம் வரவில்லை. அப்படியே முழு விலைக்கு வாங்கி வந்தேன். அதிலிருந்து அலமாரி முன்னாலேயே எடை, வகை, கடைசித் தேதி மூன்றையும் கூப்பனோடு ஒத்துப் பார்த்துத்தான் கூடையில் போடுகிறேன். ஆப் கூப்பனாக இருந்தால் அதைத் தொட்டு முன்கூட்டியே சேர்த்துவைக்க வேண்டும், பில் போட்டபின் காட்டினால் செல்லாது. கடையை விட்டு வெளியே வரும் முன் அங்கேயே நின்று பில்லைப் படிப்பதும் பழக்கமாகிவிட்டது. அலமாரியில் ஆஃபர் சீட்டு மாட்டியிருப்பார்கள், கம்ப்யூட்டரில் பழைய விலை இருக்கும். சொன்னால் உடனே திருத்திக் கொடுத்துவிடுகிறார்கள். வீட்டுக்கு வந்து பார்த்தால் திரும்பப் போக யாருக்கும் மனசு வராது.

பாயின்ட் விஷயத்தில் எனக்கு இன்னும் ஆதங்கம் உண்டு. ஒரு கடையில் ஒரு வருடத்துக்கு மேல் சேர்த்த பாயின்ட் முழுவதும் ஒரே நாளில் காலாவதி ஆனது. கேட்டதற்கு விதிமுறையில் இருக்கிறது என்றார்கள். உண்மைதான், இருந்தது, பதினாலாவது பத்தியில். பாயின்ட்டும் கேஷ்பேக்கும் கைக்கு வந்த பணம் இல்லை. அடுத்த பில்லிலேயே கழித்துவிட வேண்டும். பதிலுக்கு நாம் கொடுப்பது போன் நம்பரும், வீட்டில் என்ன தீர்கிறது, எப்போது தீர்கிறது என்ற முழு விவரமும். அதனால் உண்மையிலேயே அடிக்கடி போகும் இரண்டு கடைகளுக்கு மட்டும் கார்டு வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் விட்டுவிட்டேன்.

வாங்கிக் குவிப்பதைப் பற்றியும் கொஞ்சம். ஆரம்பத்தில் அலமாரி நிறைந்திருந்தால் மனம் நிறைந்தது. பிறகு மாவில் வண்டு வந்தது, எண்ணெயில் சிக்கு வாடை அடித்தது. வெளிச்சமும் சூடும் படும் இடத்தில் மாதக்கணக்கில் எண்ணெய் வைக்கக் கூடாது என்று அப்போதுதான் மண்டையில் ஏறியது. அம்மா எதுவும் திட்டவில்லை. மாவைச் சலித்துக்கொண்டே, “கடைக்குப் போறதுக்கு முன்னாடி நம்ம அலமாரிய ஒரு தடவ பாத்துட்டுப் போம்மா” என்றார். கடைக்குக் கிளம்பும் முன் அலமாரியைத் திறந்து பார்த்துப் பட்டியல் எழுதுவது அன்று தொடங்கியது. புதிதாக வாங்கியதைப் பின்னால் தள்ளி, பழையதை முன்னால் வைக்கிறேன். சோப்பு, சலவைத்தூள், பேஸ்ட் இதெல்லாம் இரண்டு மாதத்துக்கு வாங்கலாம். தின்னும் பொருள் ஒரு மாதத்துக்கு மேல் வேண்டாம், எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும்.

நேரக் கணக்கு: முதல் வருடம் வாரத்துக்கு நான்கு மணி நேரம் போனது. இப்போது ஞாயிறு காலை முக்கால் மணி நேரம்.

போன வருடம் முழுவதுக்கும் கணக்குப் போட்டேன். அதே 24 பொருளை, அதே அளவு, வழக்கமான விலைக்கே வாங்கியிருந்தால் ஆகியிருக்கும் தொகையைவிட 18% குறைவாகக் கொடுத்திருக்கிறோம். அந்த 18-ல் 8, ஆஃபர் வரும் முறையைப் பார்த்து வாங்கியதால் வந்தது. இன்னொரு 6, எடையைக் கணக்குப் போட்டு வேறு அளவுக்கோ கடையின் சொந்த பிராண்டுக்கோ மாறியதால் வந்தது. கூப்பனால் வந்தது மீதி 4. சின்ன எண்தான், ஆனாலும் நான் கூப்பனை விடவில்லை. பட்டியலில் ஏற்கெனவே இருக்கும் பொருளுக்கு, ஆஃபர் நடக்கும் அதே வாரத்தில் கூப்பனும் சேர்ந்து அமைந்தால் அதைப்போல் லாபம் வேறு இல்லை. வருடத்துக்கு ஏழெட்டு முறை அப்படி அமைகிறது.

தனியாக இருப்பவர்களுக்கும், வீட்டில் வைக்க இடம் இல்லாதவர்களுக்கும் இவ்வளவு மெனக்கெடச் சொல்ல மாட்டேன். 100 கிராம் விலையை மட்டும் பார்த்து வாங்கினாலே போதும். நாலைந்து பேர் இருக்கும் வீடு என்றால் பத்து பொருளோடு ஒரு நோட்டு ஆரம்பித்து, மூன்று மாதம் கூப்பனைத் தொடாமல் எழுதிப் பாருங்கள்.

என் நோட்டு இப்போது மூன்றாவது. சலவைத்தூள் பக்கத்தைப் பார்த்தால் இது ஏழாவது வாரம். டப்பாவில் அரைக் கிலோ இருக்கிறது, இன்னும் ஒரு வாரம் வரும். வெள்ளிக்கிழமை புது ஆஃபர் போடுவார்கள். அதுவரை காத்திருக்கிறேன்.