பெலும் குகைக்கு வேனில் கூட்டிச் செல்பவர்களிடம் பணம் கட்டும் முன்

சென்னையிலிருந்து ஆந்திராவின் பெலும் குகைக்கு வார இறுதிச் சுற்றுலா நடத்துபவர்கள் இப்போது பெருகிவிட்டார்கள். அவர்களில் ஒருவரிடம் குடும்பத்தோடு போய் ஏமாந்து வந்திருக்கிறோம். நுழைவுச் சீட்டு உட்பட, குகையில் இரண்டு மணி நேரம், தமிழில் விளக்கம் சொல்ல அனுபவமுள்ள வழிகாட்டி: வாட்ஸ்அப்பில் அவர்கள் எழுதி அனுப்பியது இது. கிடைத்தது முக்கால் மணி நேர ஓட்டம்.

காலைப் பொழுதைத் தர்மாவரம் பட்டு என்று சொல்லி ஒரு சேலைக் கடையில் கரைத்தார்கள். குகை வாசலில் ‘கட்டணம் ஏறிவிட்டது’ என்று ஆளுக்குக் கொஞ்சம் வாங்கினார்கள், ரசீது இல்லை.

வழிகாட்டி என்று வந்தவர் வேனோடு சென்னையிலிருந்து வந்த இளைஞர். ஏதோ ஒரு ராஜா வெட்டிய சுரங்கம் என்றார். சுண்ணாம்புப் பாறையைத் தண்ணீர் கரைத்து உண்டாக்கிய குகை அது. 1884-இல் அதைப் பதிவு செய்த பிரிட்டிஷ் நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட்தான் 1863-இல் நம் பல்லாவரத்தில் கற்காலக் கோடரியைக் கண்டெடுத்தவர். சென்னைக்காரர்களை அழைத்துப் போகிறவர் இதையல்லவா முதலில் சொல்ல வேண்டும்!

மொத்தம் 3,229 மீட்டர் நீளமுள்ள குகையில் சுமார் ஒன்றரைக் கிலோமீட்டர்தான் பார்வையாளர்களுக்குத் திறந்திருக்கிறது. அதிலும் பாதியோடு எங்கள் வழிகாட்டி திருப்பிவிட்டார். வாசலிலிருந்து 46 மீட்டர் ஆழத்தில் இருக்கும் பாதாளகங்கை என்ற நிலத்தடி நீரோடைக்கு வழி அடைத்திருக்கிறது என்றார். அங்கிருந்து ஏறி வந்த ஒரு தெலுங்குக் குடும்பம் எங்களைப் பார்த்து, "ஏன் திரும்புகிறீர்கள், திறந்துதானே இருக்கிறது" என்று கேட்டது. உள்ளே புழுக்கம் தாங்காமல் அம்மாவுக்கு மூச்சு வாங்கியது. வழிகாட்டி கையில் ஒரு தண்ணீர் பாட்டில்கூட இல்லை.

என்னால் பொறுக்கவே முடியாதது வேறு. கூரையிலிருந்து தொங்கும், தட்டினால் ஓசை எழுப்பும் கல் விழுதுகள் அங்கே உண்டு. அவற்றை இவர் கருங்கல்லால் ஓங்கி அடித்தார். ஒன்றின் நுனி உடைந்து விழுந்தது. உடைந்த இடம் உப்புக்கல் போலப் பளிச்சென்று வெளுத்திருந்தது. அதை எடுத்து, "ஞாபகமாக வைத்துக்கொள், தம்பி" என்று என் அண்ணன் மகனிடம் நீட்டினார். சுண்ணாம்பு கரைந்த நீர் சொட்டுச் சொட்டாகப் படிந்து வளரும் விழுது ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டர்கூட நீளாது. கை எண்ணெய் பட்டாலே வளர்ச்சி தடைபடும் என்பதால்தான் தொடாதே என்கிறார்கள். குகைக் காவலரிடம் புகார் சொன்னேன். அவர் வருவதற்குள் இந்த ஆள் வேனில் ஏறிவிட்டார்.

சென்னை திரும்பிப் பணத்தைக் கேட்டால், "உள்ளே கூட்டிக்கொண்டு போனோமே, மேடம், இன்னும் என்ன?" என்றார் முதலாளி. அடுத்த நாளே என் எண்ணைத் தடை செய்துவிட்டார்.

போக நினைப்பவர்கள் மும்பை வழி ரயிலில் தாடிபத்ரியில் இறங்கினால் குகை சுமார் 30 கிலோமீட்டர்தான். வேனில்தான் போவீர்கள் என்றால் குகைக்குள் எவ்வளவு நேரம், பாதாளகங்கை உண்டா, வழிகாட்டி உள்ளூர்க்காரரா என்பதை எழுத்தில் வாங்கிக்கொண்டு பிறகு முன்பணம் கொடுங்கள். அந்தச் செய்திகளை அழிக்காதீர்கள். நான் அவற்றை வைத்துத்தான் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்திருக்கிறேன். பணம் வராவிட்டால் அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்கு அங்கே கட்டணமே கிடையாது.