ஒரு நாளா, இரண்டு நாளா? ஃபோம் இறக்கைப் பட்டறைகள் ஓர் அலசல்

மாதிரி விமானத்துக்கு ஃபோம்-ஃபைபர் இறக்கை செய்யச் சொல்லித்தரும் பட்டறைகளில் இரண்டு தினுசு அதிகம். ஒரு நாள் பட்டறையில் ஃபோமை அறுத்து, ஃபைபர் துணியைப் பரப்பி, எபாக்சி என்ற, இறுகிக் கெட்டியாகும் ரெசினைக் கையால் பூசி விடுவார்கள். இரண்டு நாள் பட்டறையில் துணியை மைலார் என்ற வழவழப்பான பிளாஸ்டிக் ஷீட்டில் ரெசினால் ஈரமாக்கி ஃபோமோடு சேர்த்து, காற்றை உறிஞ்சிய வேக்யூம் பைக்குள் இரவு முழுக்க இறுக வைப்பார்கள். பழுப்புத் தாளைப் பெவிகால் தண்ணீரில் ஒட்டும் முறை மலிவுதான். ஆனால் அதை வீட்டிலேயே பழகிக்கொள்ளலாம்.

முதலில் எடைக் கணக்கு. இறக்கை 1.2 மீட்டர் நீளம், 20 செ.மீ. அகலம், குறுக்குவெட்டு கிளார்க்-ஒய் என்ற அடிப்பக்கம் ஏறக்குறைய தட்டையான வடிவம் என்று வைத்துக்கொள்வோம். கன மீட்டருக்கு 16 கிலோ உள்ள தெர்மாகோலில் அறுத்தால் உள்ளே இருக்கும் ஃபோம், அதாவது உள்ளீடு மட்டும் சுமார் 60 கிராம் வரும். 32 கிலோ உள்ள எக்ஸ்பிஎஸ் (தெர்மாகோலைவிட நெருக்கமான ஃபோம்) பலகை என்றால் 120 கிராம். மேலும் கீழும் 48 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 48 கிராம்) துணி ஒரு சுற்றுக்கு 24 கிராம். ரெசினில்தான் வித்தியாசம் தெரியும். புதிதாகக் கையால் பூசுகிறவர் 35 கிராம் வைப்பார். நெசவுக் குழிகளை நிரப்ப இன்னொரு பூச்சுக்கு 15 கிராம் போகும். வேக்யூமில் மொத்தமே 20, 22 கிராம்தான். பழகும் விமானத்துக்கு அந்த 30 கிராம் ஒரு பொருட்டே இல்லை. கிளைடர் பறக்கவிடுகிறவருக்கு அது பெரிய தொகை.

கைமுறையில் எடையைக் குறைக்க ஒரு வழி உண்டு. பூசியதும் டாய்லெட் பேப்பர் ரோலைத் துணிமேல் உருட்டினால் மிகுதி ரெசின் அதில் ஏறிவிடும். துணியின் பளபளப்பு மங்கி மேட்டாகத் தெரியும்போது நிறுத்த வேண்டும்.

ஆனால் எந்தப் பட்டறையானாலும் தரம் முடிவாவது ஃபோம் அறுக்கும் மேஜையில்தான். மின்சாரத்தில் சூடாகி ஃபோமை அறுக்கும் 0.32 மி.மீ. நைக்ரோம் கம்பி 75 செ.மீ. எடுத்தால் 10 ஓம் வரும். 18 வோல்ட் கொடுத்தால் 1.8 ஆம்பியர் ஓடும். ஃபோமின் இரு முனையிலும் கம்பிக்கு வழிகாட்ட இறக்கை வடிவில் வெட்டிய சன்மைக்கா டெம்ப்ளேட், அதில் 1 முதல் 10 வரை கோடுகள். ஒருவர் “மூணு... நாலு...” என்று சொல்லிக்கொண்டே நகர, எதிர்முனையில் இருப்பவரும் அதே எண்ணுக்கு வந்து சேர வேண்டும். கம்பி வெளியே வரும்போது சிலந்தி நூல் மாதிரி மெல்லிய இழைகள் ஒட்டி வந்தால் சூடு சரி. இழையே வராமல் பரப்பு உருகிக் குழிந்தால் சூடு அதிகம். அவசரப்பட்டு இழுத்தால் நடுக்கம்பி பின்தங்கும். முனைகள் டெம்ப்ளேட்டில் வளைந்து திரும்பும்போது நடுவில் முன்விளிம்பின் வடிவம் கெட்டுப்போகும். இந்தப் பிழையை வேக்யூம் சரிசெய்யாது, அப்படியே கல்லாக்கித் தரும். புகைக்கு ஜன்னல் திறந்திருக்க வேண்டும் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

வேக்யூம் பட்டறையில் பழைய ஃபிரிட்ஜ் கம்ப்ரஸரே பம்பாக இருந்தாலும் குறையில்லை. அழுத்தமானியும், வேக்யூம் அளவு தாண்டாமல் பம்பை நிறுத்தும் கட்-ஆஃப் ஸ்விட்சும் இருக்கின்றனவா என்று பாருங்கள். தெர்மாகோல் 8 முதல் 10 அங்குலப் பாதரச வேக்யூமுக்கு மேல் தாங்காமல் நசுங்கும். எக்ஸ்பிஎஸ் 15 வரை தாங்கும். பை எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி அழுத்துவதால் இறக்கை தானாக நேராகிவிடாது. அறுத்த பிறகு மிஞ்சும் மேல், கீழ் ஃபோம் துண்டுகள்தான் இறக்கையை நேராகப் பிடிக்கும் தொட்டில். அவற்றைக் குப்பையில் போட்டுவிட்டால் தொட்டில் போயிற்று. இறக்கை முறுக்கிய நிலையிலேயே இறுகும்.

ரெசினில் ஏமாறுகிறவர்கள் ஏராளம். கடையில் மலிவாகக் கிடைக்கும் பாலியெஸ்டர் ரெசினில் ஸ்டைரீன் இருப்பதால் தெர்மாகோலை, எக்ஸ்பிஎஸ்ஸை இரண்டையும் கரைத்துவிடும். எபாக்சிதான் வேண்டும். நம் கல்லூரி லேப்களில் அதிகம் புழங்கும் எல்ஒய் 556 ரெசினுக்கு அதை இறுக வைக்கும் எச்ஒய் 951 ஹார்ட்னர், எடையில் 100-க்கு 10. கண்ணளவில் ஊற்றாமல் 0.1 கிராம் தராசில் நிறுக்க வேண்டும். சென்னை மே மாத வெயிலில் 100 கிராமை ஒரே கப்பில் கலந்தால் பாதித் துணி முடிவதற்குள் கப் கொதித்துவிடும். 30 கிராமாகக் கலந்து அகலத் தட்டில் ஊற்றுவது நல்லது. கை கழுவ எடுக்கும் அசிட்டோனும், பிறகு அடிக்கும் ஸ்ப்ரே பெயிண்டும் துணியின் ஊசித் துளை வழியே புகுந்து ஃபோமை அரித்துவிடும். மைலாரிலேயே முதலில் பெயிண்ட் அடித்துவிடுவதால் வேக்யூம் முறையில் இந்தக் கடைசித் தொல்லை இல்லை.

முதல் இறக்கை செய்கிறவர் ஒரு நாள் பட்டறைக்கே போகலாம் என்பது எங்கள் கட்சி, ஆனால் ஃபோமை அவர் கையாலேயே அறுக்க விட வேண்டும். ரெடியாக அறுத்த உள்ளீட்டைக் கொடுத்து ரெசின் மட்டும் பூசச் சொல்லும் பட்டறைக்குப் பணம் தண்டம். இரண்டு, மூன்று இறக்கை அறுத்துக் கை பழகியவருக்கு வேக்யூம் பட்டறையின் கூடுதல் கட்டணம் தகும். அங்கும் மறுநாள் காலை பையைப் பிரித்ததும், இடது வலது பாதிகளைத் தனித்தனியே தராசில் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். வித்தியாசம் 5 கிராமுக்கு மேல் இருந்தால் ரெசின் சமமாகப் போகவில்லை.