பாஸ்போ இஆர்கே ஆன்டிபாடி: நாலு வருஷம், மூணு லாட்

லேப்ல ஜூனியர் தம்பி ஒருத்தன் போன வாரம் கேட்டான், "அண்ணா, நீங்க யூஸ் பண்ற அந்த ராபிட் பாலிகுளோனலையே நானும் ஆர்டர் போடட்டுமா"ன்னு. அவன் கேட்டது, செல்லுக்குள்ள சிக்னல் கடத்தற இஆர்கேங்கற புரோட்டீன்ல பாஸ்பேட் ஏறியிருந்தா மட்டும் ஒட்ட வேண்டிய, முயல்ல செஞ்ச ஆன்டிபாடியை. சட்டுனு பதில் வரல எனக்கு. நாலு வருஷமா அதோட மல்லுக்கட்டியிருக்கேன், அதனால முழுசா எழுதிடறேன்.

முதல் லாட், அதாவது முதல் தயாரிப்பு பேட்ச், தங்கம். ராத்திரி முழுக்க சீரம் இல்லாம வெச்ச செல்லுக்கு இஜிஎஃப் (இஆர்கேயை தூண்டற வளர்ச்சி காரணி) குடுத்து அஞ்சு நிமிஷத்துல லைஸ் பண்ணி, அதாவது உடைச்சு, வெஸ்டர்ன் (புரோட்டீனை சைஸ் வாரியா பிரிச்சு மெம்பரேன்ல ஏத்தி ஆன்டிபாடி வெச்சு பாக்கற டெஸ்ட்) ஓட்டினா, இஆர்கேயோட ரெண்டு வடிவத்துக்கும் 44 கிலோடால்டன்ல ஒண்ணு 42ல ஒண்ணு, ஸ்கேல் வெச்சு போட்ட மாதிரி ரெண்டு கோடு. இஜிஎஃப் குடுக்காத லேன் காலி. இஆர்கே மேல பாஸ்பேட் ஏத்தற மெக்ங்கற என்சைமை தடுக்கற யு0126 போட்ட லேனும் காலி. கலக்கின ஆன்டிபாடியில கெட்டுப்போகாம இருக்க கொஞ்சம் அசைடு போட்டு 4 டிகிரில வெச்சு அஞ்சு மெம்பரேன் வரைக்கும் ஓட்டியிருக்கேன், அஞ்சாவதும் பளிச்சுனு வந்துச்சு. ரெண்டாவது லாட்லயும் குறை இல்ல.

மூணாவது லாட்லதான் வந்துச்சு வினை. அதே கேட்டலாக் நம்பர், அதே லேபிள், ஆனா 60 கிலோடால்டன் பக்கத்துல தடியா ஒரு பேண்ட், எல்லா லேன்லயும். தப்பு என்னோடதுதான்னு நெனச்சு மூணு வாரம் ஓடிச்சு. ஆன்டிபாடி கண்ட இடத்துல ஒட்டாம இருக்க மெம்பரேனை பால் பவுடர்ல பிளாக் பண்ணினா அதுல இருக்கற கேசினே பாஸ்பேட் ஏறின புரோட்டீன், பேக்கிரவுண்ட் ஏறும், ஆனா நான் எப்பவும் பிஎஸ்ஏ (மாட்டு சீரம் அல்புமின்) தான். பாஸ்பேட்டை வெட்டற என்சைம்களை தடுக்கற வனடேட்டை மஞ்சள் போற வரைக்கும் கொதிக்க வெச்சு புதுசா ரெடி பண்ணேன், செல்லை புதுசா எழுப்பினேன், ஒண்ணும் மாறல. கடைசியில மெம்பரேனை ரெண்டா வெட்டி ஒரு பாதிக்கு மிச்சம் இருந்த பழைய லாட், இன்னொண்ணுக்கு புதுசு. பழசு சுத்தம், புதுசுல அதே 60. பாஸ்பேட்டை வெட்டி எடுக்கற லாம்டா பாஸ்படேஸ் போட்ட லைசேட்ல (உடைச்ச செல் கரைசல்) 44, 42 ரெண்டும் போயிடுச்சு, 60 மட்டும் அசையல. அப்ப அது பாஸ்பேட்டை பாத்து ஒட்டலங்க, வேற எதையோ புடிச்சிருக்கு. பாலிகுளோனல்னா முயலோட சீரத்துல இருந்து வர்ற பல ஆன்டிபாடி கலவைதானே, முயல் மாறினா கலவையும் மாறும், அது புரியுது. ஆனா வெளிய அனுப்பறதுக்கு முன்னாடி ஒரு பிளாட் ஓட்டி பாத்திருக்கலாம் இல்ல?

வெஸ்டர்ன்ல அந்த பேண்ட் தள்ளி நிக்குது, விட்டுடலாம், நியாயமா பாத்தா 44, 42 கணக்கு இப்பவும் சரியாதான் வருது. செல்லை அப்படியே வெச்சு ஆன்டிபாடி ஒட்டின இடத்தை ஒளிர வெச்சு பாக்கற இம்யூனோஃப்ளோரசன்ஸ்ல என்ன பண்றது? அங்க சைஸ் பிரிச்சு காட்டாது, எது மேல ஒட்டினாலும் ஒரே வெளிச்சம்தான். இஆர்கே நியூக்ளியஸுக்குள்ள போறத காட்ட நான் எடுத்த படம் அத்தனையிலயும், இஜிஎஃப் குடுக்காத செல்லுலகூட சைட்டோபிளாசம் முழுக்க பச்சையா மங்கலா ஒரு படலம். ரெண்டு மாச வேலை குப்பைக்கு போச்சு. கம்பெனிக்கு எல்லா பிளாட்டையும் அனுப்பினேன், டைல்யூஷனை மாத்தி பாருங்கன்னு ஒரே வரில பதில். அத படிச்சப்ப வந்த கோவம் இன்னும் தீரல.

சிக்னல் சுத்தத்துல அந்த முதல் லாட்டுக்கு ஈடா எதையும் நான் பாத்ததில்ல, இது சத்தியம். ஆனாலும் தம்பிகிட்ட வாங்காதடான்னுதான் சொன்னேன், ரீகாம்பினன்ட் மோனோகுளோனல் போ, அது ஒரே ஒரு ஆன்டிபாடி, அதோட சீக்குவன்ஸ் தெரிஞ்சது, முயலை நம்பி இருக்க வேண்டாம், அப்பவும் புது வயல் வந்த அன்னைக்கே பாஸ்படேஸ் கன்ட்ரோலோட ஒரு பிளாட் ஓட்டிடு. முதல் லாட்ல இன்னும் 15 மைக்ரோலிட்டர் மைனஸ் 20ல இருக்கு, ரிவிஷன்ல ரிவ்யூவர் அந்த படத்தையே திரும்ப கேட்டா அதுக்கு மட்டும்னு எடுத்து வெச்சிருக்கேன்.