பையனோட டிஸ்லெக்சியா ரீடிங் கிளாஸ்: பதினாலு மாசம் கழிச்சு ஒரு ரிவ்யூ

ஸ்டார் எத்தனைன்னு கேட்டா அஞ்சுக்கு நாலு. அந்த ஒண்ணு எங்க போச்சுன்னும் சொல்றேன். சென்டர் பேரு போடல, ஏன்னா குறையும் சொல்லப்போறேன், அதுவும் இல்லாம நீங்க சேக்கப்போறது வேற ஏதோ ஒரு சென்டர்லதான், உள்ள என்ன நடக்குதுன்னு தெரிஞ்சா போதும் உங்களுக்கு.

சேக்கும்போது பையனுக்கு ஏழரை வயசு. கதை சொன்னா அப்படியே திருப்பிச் சொல்லுவான், நம்மள மடக்குற மாதிரி கேள்வி கேப்பான், ஆனா புக்க கையில குடுத்தா தண்ணி குடிக்கணும், பாத்ரூம் போகணும், வயிறு வலிக்குது. ஹவுஸ்னு போட்டிருந்தா ஹோம்னு படிப்பான். படத்தப் பாத்து அடிச்சு விடுறான்னு புரிய எனக்கு ஒரு வருஷம் ஆச்சு, ஒருநாள் படத்த கையால மூடிட்டு படிடான்னேன், பய அப்படியே நின்னுட்டான். சோம்பேறின்னு நானே திட்டியிருக்கேன், இப்ப நெனச்சா சங்கடமா இருக்கு. டெஸ்ட் எடுத்து டிஸ்லெக்சியா, அதாவது அறிவு நல்லா இருந்தும் எழுத்து கூட்டிப் படிக்கிறது மட்டும் சிக்கல்னு சொன்னப்பதான் எங்க வீட்டுக்காரர் வாயத் திறந்தாரு, சின்ன வயசுல அவருக்கும் இதே கததானாம். இது குடும்பத்துல வர்ற விஷயம்னு டெஸ்ட் எடுத்தவங்களும் சொன்னாங்க.

இந்த சென்டருக்கு முன்னாடி வேற ஒரு இடத்துல ஆறு மாசம் வீணாக்கினோம். கலர் பிளாஸ்டிக் ஷீட்ட பக்கத்து மேல வச்சு படிக்கச் சொன்னாங்க, கண்ண இப்படி உருட்டு அப்படி உருட்டுன்னு எக்சர்சைஸ் வேற. பையனுக்கு ஷீட்டு ரொம்பப் பிடிச்சுது, படிப்புதான் ஒரு இன்ச் கூட நகரல. அப்புறம் தேடிப்பாத்தா, அமெரிக்கால குழந்தை டாக்டர்கள் சங்கமும் கண் டாக்டர்கள் சங்கமும் சேந்து 2009லயே அறிக்கை விட்டிருக்காங்க, டிஸ்லெக்சியாவுக்கு கலர் கண்ணாடி, கண் பயிற்சி எல்லாம் உதவும்னு ஆதாரம் இல்லன்னு. இது கண்ணு கோளாறே இல்ல. பேச்சுல இருக்குற சத்தத்த தனித்தனியா பிரிச்சு, எழுத்தோட சேக்குற எடத்துலதான் சிக்கல்.

இந்த சென்டர்ல மொத ரெண்டு நாள் பாடமே நடத்தல, என்ன வருது என்ன வரலன்னு மட்டும் பாத்தாங்க. ஸ்டாப்ல இருந்து ஸ்ஸ எடுத்துட்டா என்ன மிச்சம்னு மிஸ் கேட்டாங்க. டாப்னு நமக்கு சட்டுனு வரும், இவன் கூரையப் பாத்துட்டே இருந்தான். அப்புறம் அர்த்தமே இல்லாத வார்த்தையா குடுத்தாங்க, விப், மெஃப், ஸாட் மாதிரி. இது என்ன கூத்துன்னு நெனச்சேன், ஆனா அதுலதான் விஷயம் இருக்கு. நிஜ வார்த்தைய ஞாபகத்துல வச்சோ குத்துமதிப்பாவோ சொல்லிடலாம், மெஃப்ப யாரும் மனப்பாடம் பண்ணியிருக்க முடியாது, சத்தம் கூட்டிப் படிக்கத் தெரிஞ்சாதான் வரும். இருபதுல மூணு சொன்னான். ஒரு பக்கத்துக்கு லிஸ்ட் குடுத்தாங்க, இந்த இந்த சத்தம் தெரியும், இது தெரியாது, இங்கருந்து ஆரம்பிப்போம்னு. அந்த ஒரு பேப்பருக்கே ரெண்டு ஸ்டார் குடுப்பேன்.

முறைக்குப் பேரு ஆர்ட்டன் கில்லிங்ஹாம். சாமுவேல் ஆர்ட்டன்னு ஒரு நரம்பு டாக்டர், அன்னா கில்லிங்ஹாம்னு ஒரு டீச்சரம்மா, ரெண்டு பேரும் 1930கள்ல ஆரம்பிச்சு வச்சது, அதுலருந்து கிளை பிரிஞ்சு இப்ப நிறைய புரோகிராம் இருக்கு. பேருக்கு மயங்கிடாதீங்க. மணல்ல எழுதுறது, சொரசொரப்பான எழுத்த தடவுறது இதுக்கெல்லாம் தனியா எவ்ளோ பலன்னு ஆராய்ச்சில இன்னும் உறுதியாகல. ஆனா சத்தத்தையும் எழுத்தையும் நேரடியா, ஒரு வரிசையா, தாவாம கத்துக்குடுத்தா பலன் இருக்குன்றது உறுதியான விஷயம், 2000ல வந்த அமெரிக்க நேஷனல் ரீடிங் பேனல் அறிக்கையே அதத்தான் சொல்லுது. ஸோ மணல் ட்ரே இருக்கான்னு பாக்காதீங்க, வரிசை இருக்கான்னு பாருங்க.

கிளாஸ் 45 நிமிஷம், வாரத்துக்கு ரெண்டு, ஒரு மிஸ்ஸுக்கு ஒரு பிள்ளை. ஒருநாள் என்னையும் உள்ள உக்கார விட்டாங்க (கெஞ்சித்தான் வாங்கினேன், அது ஒரு குறை). மொதல்ல கார்டு, மிஸ் எழுத்தக் காட்ட இவன் சத்தம் சொல்லணும். அப்புறம் தலைகீழா, மிஸ் சத்தம் சொல்ல இவன் எழுதணும். அப்புறம் ஷிப்னு ஒரு வார்த்தை. பேப்பர்ல கட்டம் போட்டு பக்கத்துல பட்டன் வச்சிருந்தாங்க, ஒரு சத்தத்துக்கு ஒரு பட்டன் நகத்தணும். நம்மாளு நாலு பட்டன் நகத்தினான், நாலு எழுத்துல்ல. மிஸ் தப்புன்னு சொல்லவே இல்ல, மெதுவா சொல்லிப் பாரு, வாய் எத்தன தடவ மாறுதுன்னாங்க. ஷ்ஷ்... இ... ப். சொன்னான், மறுபடி சொன்னான், அவனே ஒரு பட்டன திருப்பி வெளிய தள்ளினான். அந்த ஒரு பட்டன தள்ள அஞ்சு நிமிஷம் ஆச்சு, நானா இருந்தா அஞ்சாவது செகண்ட்ல கத்தியிருப்பேன்.

பி (b), டி (d) எழுத்து குழப்பத்துக்கும் இதே பொறுமைதான். வயிறு முன்னாடி தள்ளுனா பி, முதுகுல மூட்ட தொங்குனா டி, மூணு வாரம் இதே. வார்த்தை கடைசில சத்தமே போடாம உக்காந்துட்டு 'கிட்' (kit) வார்த்தைய 'கைட்' (kite) ஆக்குற அந்த ஈ (e) எழுத்துக்கு மட்டும் ஒரு மாசம். அவன் கிளாஸ் பசங்க எங்கயோ போயிட்டாங்க நீங்க இன்னும் ஒரு ஈலயே நிக்கிறீங்களேன்னு கேட்டேன், அவங்க அவசரப்படல.

படிக்கக் குடுக்குற புக்கு மட்டும் மகா போரு. அதுவரைக்கும் கத்துக்கிட்ட சத்தத்த மட்டும் வச்சு எழுதின புக்கு அது, அதனால பன்னி தொப்பி மேல உக்காரும், எலி தகரத்துல ஓடும், அவ்ளோதான் கத. நான் மூஞ்ச சுளிச்சேன். ஆனா வாழ்க்கைல மொத தடவையா ஒரு புக்க மொத பக்கத்துலருந்து கடைசி பக்கம் வரைக்கும் தானா படிச்சு மூடி வச்சான், அது அந்த பன்னி புக்குதான்.

வாரா வாரம் ஒரு நிமிஷம் படிக்க வச்சு சரியா படிச்ச வார்த்தைய எண்ணி கிராஃப் போடுவாங்க. மொத மாசம் 17. அடுத்து 21, 19, 20ன்னு மூணு மாசம் இழுத்துச்சு, நிறுத்திடலாம்னே பேசினோம், ஃபீஸும் லேசுப்பட்டது இல்ல. அஞ்சாவது மாசத்துலருந்துதான் கோடு மேல ஏறுச்சு, போன வாரம் 58. இன்னும் அவன் வகுப்புக்கு இது கம்மிதான், மறைக்கல. ஆனா தெரியாத வார்த்தைல இப்ப எங்க மூஞ்ச பாக்கமாட்டான், வெரல்ல தட்டித் தட்டி சத்தம் பிரிச்சு பாக்குறான். வீட்டுல தினம் பத்து நிமிஷம் பண்ணணும்னு சொல்வாங்க, அத நாங்க விட்ட வாரமெல்லாம் கிராஃப்ல அப்பட்டமா தெரியும், ஏமாத்தவே முடியாது.

இப்ப அந்த ஒரு ஸ்டாருக்கு வரேன். எட்டாவது மாசம் மிஸ் மாறிட்டாங்க, எங்களுக்கு ஒரு மெசேஜ் மட்டும்தான். புதுசா வந்தவங்க பழைய நோட்ட பாக்காம மொதல்லருந்து ஆரம்பிச்சாங்க, மூணு வாரம் போச்சு, பையனுக்கு மறுபடி வயிறு வலி. நான் போய் சத்தம் போட்டப்புறம்தான் ஃபைல எடுத்தாங்க. நல்லவங்கதான், இப்ப ஒட்டிக்கிட்டான், ஆனா கைமாத்தி விடுறதுக்கு ஒரு ஒழுங்கு வேணாமா?

அடுத்து தமிழ். தமிழ் எழுதுன மாதிரியே படிக்கிறது, அது தானா வந்துடும்னாங்க. வரல. பாதி உண்மைதான், இங்கிலீஷ் அளவுக்கு தப்பு வராது, ஆனா ஆமை வேகம். இத்தாலியன், ஜெர்மன் மாதிரி சத்தமும் எழுத்தும் ஒழுங்கா பொருந்துற மொழிலயும் டிஸ்லெக்சியா இப்படி மெதுவாதான் தல காட்டுமாம். போதாததுக்கு நம்மகிட்ட 247 எழுத்து, ஒரே க கடல்ல ஒரு மாதிரி அங்கேல ஒரு மாதிரி, ண ன ந தனி பஞ்சாயத்து. எல்லாத்துக்கும் மேல கொம்பு. கண்ணுக்கு மொதல்ல வர்றது கொம்பு, வாய்க்கு மொதல்ல வரவேண்டியது க். கொடின்னு எழுதினா கெரடின்னு படிச்சான். எங்கருந்துடா ர வந்துச்சுன்னு ரெண்டு நாள் மண்டைய ஒடச்சேன், அப்புறம்தான் பொறி தட்டுச்சு, துணைக்கால ர-ன்னு படிக்கிறான். பால் பரல் ஆயிருச்சு, மாடு மரடு ஆயிருச்சு. அவன் கண்ணுல பாத்தா தப்பே இல்ல, ரெண்டுக்கும் வித்தியாசம் நூல் அளவுதான்.

அதுக்கு நானே கார்டு செஞ்சேன். கொம்பு, எழுத்து, கால் மூணையும் ஒரே கலர்ல ஒட்டி ஒட்டி எழுதி ஒரே துண்டா வெட்டினேன், பிரிச்சு பாக்க முடியாத மாதிரி. மொதல்ல கொ, தொ, பொ மட்டும், ஒரு வாரம் கழிச்சுதான் கோ. சென்டர்ல கத்துக்கிட்ட வரிசை புத்திதான், மிஸ்ஸுங்க பண்ணாதத நான் பண்ணேன், அவ்ளோதான். இப்ப புது மிஸ் அந்த கார்ட போட்டோ எடுத்துக்கிட்டாங்க, ஃபீஸுல கழிக்கல.

சென்டர் பாக்கப் போறவங்க ஒண்ணே ஒண்ணு கேளுங்க, என் பிள்ளைக்கு இப்ப எந்த சத்தம் வரல, அடுத்த மாசம் எது சொல்லிக்குடுப்பீங்கன்னு. கான்ஃபிடன்ஸ் வரணும், பிரெயின டெவலப் பண்ணணும்னு பேசுனா செருப்ப மாட்டிட்டு கிளம்புங்க. மூணு மாசத்துல குணமாக்கிடுவோம்னு சொன்னா அதவிட வேகமா கிளம்புங்க, இது குணமாக்குற வியாதி இல்ல.

அடுத்த டெர்முக்கும் பணம் கட்டியாச்சு. நேத்து ராத்திரி புது கார்டு எழுதிட்டு இருந்தேன், தூக்கக் கலக்கம், கையெழுத்து கோணல். ஒண்ண எடுத்து வெளக்குகிட்ட பிடிச்சுப் பாத்துட்டு, ம்மா நீ போட்ட கால் ர மாதிரி இருக்கு, வேற எழுதுன்னு திருப்பிக் குடுத்துட்டான்.