கைக்கருவிக்கு உறை வார்க்க எந்த இழை: கார்பனா, கெவ்லாரா, கண்ணாடியா?

போன், வாக்கி டாக்கி, கடலுக்குக் கொண்டுபோகும் ஜிபிஎஸ் என்று எதற்கு உறை வார்க்க நினைத்தாலும் எல்லாரும் முதலில் கேட்பது கார்பன் ஃபைபர்தான். அந்தக் கறுப்புப் பின்னலின் கவர்ச்சி அப்படி. ஆனால் ஆன்டெனா உள்ள கருவிக்குக் கார்பன் பொருந்தாது. திருநெல்வேலிச் சீமையின் வெயிலையும் கடற்காற்றையும் சேர்த்துக் கணக்கிட்டால் கண்ணாடி இழைத் துணியும், அதை ஊறவைத்து இறுகும் எபாக்சி ரெசினும்தான் முதல் தேர்வு.

கார்பனுக்காகச் சொல்லப்படும் பெரிய வாதம் எடை. 16 × 8 செ.மீ. போனுக்கு 1 செ.மீ. விளிம்போடு 1 மி.மீ. தடிமனில் உறை செய்வதாக வைத்துக்கொள்வோம். கையால் பூசும் முறையில் கன அளவில் 40 சதவீதம் இழை நிற்கும், மீதி ரெசின். அந்தக் கணக்கில் கண்ணாடி இழை உறை சுமார் 30 கிராம், கார்பன் 25, கெவ்லார் (குண்டு துளைக்காத உடுப்பில் வரும் மஞ்சள் இழை) 22 வரும். காற்றாலை இறக்கையிலோ சைக்கிள் சட்டத்திலோ இந்த விகிதம் பெரிய விஷயம். சட்டைப்பையில் 5 கிராம் யாருக்கும் தெரியாது.

அந்த 5 கிராமுக்குக் கொடுக்கும் விலை கூடுதல். கார்பன் மின்சாரம் கடத்தும். ரேடியோ அலையை மறிக்கும். போனின் ஆன்டெனாக்கள் பெரும்பாலும் விளிம்பில் இருக்கின்றன. உறையின் விளிம்பு சரியாக அங்கேதான் மூடுகிறது. சிக்னல் குறைந்தால் போன் தன் அலைபரப்பும் திறனைக் கூட்டும், பேட்டரி கரையும், கருவி சூடாகும். டவர் பக்கத்தில் இருக்கும் பாளையங்கோட்டையில் இது தெரியாமல் போகலாம். பாபநாசம் தாண்டி மலையேறினால் தெரிந்துவிடும். வயர்லெஸ் சார்ஜிங் வேலை செய்யாது. வைத்துப் பார்த்தால் துணியில் சுழல் மின்னோட்டம் ஏற்பட்டு உறைதான் சூடாகும். மல்டிமீட்டருக்குக் கார்பன் உறை கூடவே கூடாது: அது மின்கடத்தியைக் கையில் பிடித்துக்கொண்டு அளப்பதற்குச் சமம்.

உவரி, இடிந்தகரைப் பக்கம் கடலுக்குப் போகும் கருவிகளில் இன்னொரு தொல்லையும் உண்டு. கார்பனும் அலுமினியமும் தொட்டுக்கொண்டு நடுவில் உப்புநீர் இருந்தால் அலுமினியம் அரித்துப்போகும். அலுமினியத் திருகும் சட்டமும் வெள்ளைப்பொடி பூப்பது இதனால்தான். கார்பன்தான் வேண்டும் என்று இருந்தால், அலுமினியத்தைத் தொடும் பக்கத்தில் ஒரு அடுக்கு கண்ணாடித் துணி போட்டுப் பிரித்துவிடுங்கள்.

கெவ்லார் அலையை மறிக்காது, கீழே விழுந்தாலும் கார்பனைப்போல் சில்லாகத் தெறிக்காது. போனுக்கு அது நியாயமான போட்டியாளர். அதன் குறை பட்டறையில்தான் தெரியும். சாதாரணக் கத்தரி அதை வெட்டாது, மெல்லிய பல் வைத்த கத்தரி வேண்டும். இறுகியபின் உப்புத்தாள் போட்டால் வழுவழுப்பாகாது. பஞ்சுபோல் இழை எழும்பி நிற்கும். அதனால் மேலே ஒரு அடுக்கு மெல்லிய கண்ணாடித் துணி, சதுர மீட்டருக்கு 50 கிராம் எடையுள்ளது போதும், போட்டு அதைத்தான் தேய்க்க வேண்டும். ஈரம் இழுக்கும், வெயிலில் மஞ்சள் நிறம் மங்கிப் பழுப்பாகும். விலையும் கண்ணாடியைவிடப் பல மடங்கு.

கண்ணாடித் துணியின் பெரிய நன்மையைப் பலர் சொல்வதில்லை. ரெசின் ஊறினால் அது கண்ணாடியாகத் தெளியும். குமிழி நின்ற இடமும் ரெசின் ஏறாத இடமும் வெள்ளையாகத் தெரிந்துவிடும், உடனே பிரஷால் குத்திச் சரிசெய்யலாம். கார்பனில் அதே குறை கறுப்புக்குள் ஒளிந்துகொண்டு, மூலை உடையும்போதுதான் வெளிப்படும். பணகுடி, ராதாபுரம் பக்கம் சுழலும் காற்றாலை இறக்கைகளே பெரும்பாலும் கண்ணாடி இழைதான். பலத்தைப் பற்றிச் சந்தேகப்பட வேண்டாம்.

ஆனால் எந்தக் கண்ணாடி இழை என்பது முக்கியம். ஃபைபர் படகு செய்பவர்களிடம் எளிதாகக் கிடைப்பது 450 கிராம் மேட்டும் (நெய்யாமல், இழைத்துண்டுகளைப் பசையால் ஒட்டிய விரிப்பு) பாலியஸ்டர் ரெசினும். அந்த மேட் ஒரு அடுக்கே 1 மி.மீ. வரும், 3 மி.மீ. ஆரமுள்ள மூலையில் மடியாது. அதன் இழைகளை ஒட்டியிருக்கும் பசை பாலியஸ்டரில் உள்ள ஸ்டைரீனில்தான் கரையும். எபாக்சியில் போட்டால் மேட் விறைத்தே நிற்கும். பாலியஸ்டர் இறுகும்போது சுருங்கவும் செய்யும், அளவாகச் செய்த உறை பிடித்துக்கொள்ளும். உறைக்கு 200 கிராம் ட்வில் (சாய்வரி) நெசவுத் துணியும் எபாக்சியும் வாங்குங்கள். பாலியஸ்டர்தான் கையில் இருக்கிறது என்றால் ஒரு எச்சரிக்கை: இறுகுவதை முடுக்கும் கோபால்ட்டையும், இறுகவைக்கும் எம்இகேபி கேட்டலிஸ்டையும் ஒருபோதும் நேரடியாகக் கலக்காதீர்கள், வெடிக்கும். கோபால்ட்டை முதலில் ரெசினில் முழுக்கக் கலக்கிவிட்டுப் பிறகுதான் கேட்டலிஸ்ட்.

உறைக்கு உள் அளவுதான் முக்கியம். அதனால் வெளி அச்சைவிடக் கருவியின் வடிவிலேயே உள் அச்சு நல்லது. உண்மையான போனை அச்சாக வைக்க வேண்டாம், ரெசின் ஓட்டைகளில் இறங்கிவிடும். மொபைல் கடைகளில் காட்சிக்கு வைக்கும் டம்மி போன் போதும். உள்ளே காலியாக இருந்தால் பிளாஸ்டர் நிரப்புங்கள், இல்லையென்றால் பின்னால் பையில் போட்டு வேக்குவம் இழுக்கும்போது நசுங்கும். மேலே இன்சுலேஷன் டேப் இரண்டு சுற்று, ஓரம்மேல் ஓரம் ஏறாமல் ஒட்டினால் சுமார் கால் மி.மீ. இடைவெளி கிடைக்கும். அதன்மேல் பிரவுன் பேக்கிங் டேப். எபாக்சி அதில் ஒட்டாது.

துணி 20 × 12 செ.மீ. அளவில் 5 துண்டு, மொத்தம் 24 கிராம். ரெசின் அதே எடை, பிரஷிலும் கிண்ணத்திலும் போவதற்குப் பாதி கூடுதல்: 36 கிராம். 100:10 எடை விகிதக் கலவையென்றால் ரெசின் 33, அதை இறுகவைக்கும் ஹார்ட்னர் 3.3. இதற்கு 0.1 கிராம் காட்டும் தராசு கட்டாயம். ஹார்ட்னர் கூடப் போட்டால் சீக்கிரம் இறுகும் என்று நினைப்பது தவறு. பாலியஸ்டரில் கேட்டலிஸ்டைக் கொஞ்சம் கூட்டிக் குறைக்கலாம். எபாக்சியில் விகிதம் தவறினால் உறை என்றைக்கும் பிசுபிசுப்பாகவோ மொறுமொறுப்பாகவோதான் இருக்கும். நைட்ரைல் கையுறை போடாமல் ஹார்ட்னரைத் தொட வேண்டாம்.

மூலைகளில் துணியைக் கத்தரித்து ஒன்றன்மேல் ஒன்று ஏற்றுங்கள். ஒவ்வோர் அடுக்கிலும் வெட்டு வேறு வேறு இடத்தில் வரட்டும். ஏசி மெக்கானிக்கின் வேக்குவம் பம்ப் இரவல் கிடைத்தால், பீல் பிளையும் (இறுகியபின் உரித்தெடுக்கும் துணி) மிச்ச ரெசினை வாங்கும் உறிஞ்சு துணியும் வைத்துப் பையில் இழுத்துவிடலாம், மூலையில் துணி தூக்கிக்கொண்டு நிற்காது. ரெசின் முழுதாக இறுகும் முன், தோல் பதத்தில் இருக்கும்போதே ஓரங்களைக் கட்டர் பிளேடால் வெட்டுவது எளிது. இறுகியபின் அறுத்தால் தண்ணீர் விட்டு அறுங்கள், முகமூடி போடுங்கள். கார்பன் தூள் மின்சாரம் கடத்தும் என்பதால் திறந்த சர்க்யூட் போர்டு உள்ள மேஜைப் பக்கமே அந்த வேலை கூடாது.

வெயில்தான் மற்ற ஊர்க் குறிப்புகளை இங்கே பொய்யாக்குவது. 10 டிகிரி கூடினால் கலவை நிற்கும் நேரம் ஏறக்குறைய பாதியாகும். 25 டிகிரியில் அரை மணி தாங்குவது சித்திரை மதியத்தில் கால் மணிகூடத் தாங்காது, ஆழமான கப்பில் வைத்தால் புகையவும் செய்யும். அகலமான தட்டில் கலந்து, விடியற்காலையில் பூசுங்கள். ஆனி, ஆடிக் காற்றில் தூசி வந்து ஒட்டும். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் மேற்பரப்பில் மெழுகுபோல் படலம் எழும். அதை வெந்நீரில் கழுவாமல் பெயின்ட் அடித்தால் உரிந்துவரும்.

அறை வெப்பத்தில் மட்டும் இறுகிய எபாக்சி 50, 60 டிகிரியில் இளகத் தொடங்கும். வெயிலில் நிற்கும் பைக்கின் டேங்க் கவரில் அந்தச் சூடு சாதாரணம், கறுப்பு உறைக்கு இன்னும் மோசம். ஒருநாள் இறுகவிட்டு, அச்சிலிருந்து கழற்றாமலே பல்பு வைத்த தகரப் பெட்டியில் மணிக்கு 10 டிகிரி வீதம் ஏற்றி, 70 டிகிரியில் 4 மணி நேரம் வையுங்கள். பிஎல்ஏ பிளாஸ்டிக்கில் அச்சிட்ட 3டி அச்சு அந்தச் சூட்டில் வளைந்துவிடும், அதற்கு ஏபிஎஸ் வேண்டும். பிறகு 240, 400, 800 உப்புத்தாளில் தண்ணீர் விட்டுத் தேய்த்து, கார் பெயின்ட் பட்டறையில் இரண்டு பாகக் கிளியர் கோட் அடித்தால் எபாக்சி மஞ்சளாவது குறையும்.

பின்னல் அழகுக்காகத்தான் கார்பன் தேடுகிறீர்கள் என்றால் பத்தமடைக் கோரைப்பாய்க்கு ஒரு வாய்ப்புக் கொடுங்கள். நுண்ணிழைப் பாயில் ஒரு துண்டு, அடியில் 4 அடுக்கு கண்ணாடித் துணி. கோரையின் வழவழப்பான தோலில் ரெசின் சரியாகப் பிடிக்காது, அதனால் பலத்துக்கு அதை நம்பக் கூடாது. லேசாக உப்புத்தாள் போட்டு, 60 டிகிரியில் இரண்டு மணி நேரம் உலர்த்தி, முதலில் மெல்லிய ரெசின் ஒரு கை கொடுத்துக் குமிழி அடங்கியபிறகு ஒட்டுங்கள். மடிப்பில் முறியும் என்பதால் பின்பக்கத் தட்டைப் பரப்போடு பாயை நிறுத்திவிட்டு, விளிம்பைக் கண்ணாடித் துணிக்கே விட்டுவிடுங்கள்.